நோவுக்கு ஓர் அணை

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் என் பெரியம்மா செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் வந்தார். ஊர் பார்க்க வந்தவர் அல்லர். இடது மார்பில் கண்ட கட்டிக்கு மருத்துவம் பார்க்க வந்தவர். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள எங்கள் வீட்டில் தங்கிப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது.

அன்றிரவு செவிலியர் ஒருவர் கட்டிலருகே வந்து, "வேதன உண்டோ அம்மே?" என்று பரிவோடு கேட்டார். "வேதனையெல்லாம் ஒண்ணும் இல்ல தாயி, எல்லாம் அவன் விட்ட வழி" என்று பெரியம்மா சொன்னார். செவிலியர் ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் அப்போது கீழே மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது பெரியம்மா கட்டிலின் இரும்புக் கம்பியை இறுகப் பற்றியபடி கிடந்தார். கையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது.

"வலிக்கா பெரியம்மா?"

"வலிக்காமலா இருக்கும் ஏளா? அறுத்துல்லா எடுத்திருக்காவ."

"நர்ஸம்மாகிட்டச் சொல்லலியா?"

"அந்தப் பிள்ளை வலிக்கான்னு கேக்கலியே. மனசுக்கு வேதனையான்னுல்லா கேட்டுச்சு."

தோழர்களே, இந்நகரில் வாழும் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மலையாளத்தில் வேதன என்பது உடல் நோவு. நம் பேச்சில் வேதனை என்பது பெரும்பாலும் உள்ளத் துயரம். நாம் வலி என்று சொன்னாலோ, மலையாளிகள் இழுப்பு என்று பொருள் கொள்வர். ஒரு சொல் இரண்டு மொழிகளுக்கு நடுவே தடுமாறியதில், என் பெரியம்மா ஏறக்குறைய நான்கு மணி நேரம் தேவையின்றி நோவு பட்டார். கேட்டவர் மீதும் பிழையில்லை. சொன்னவர் மீதும் பிழையில்லை.

நான் உயிர்வேதியியல் மாணவி. நரம்பு இழையில் சோடியம் எவ்வாறு பாய்கிறது என்பதைப் படம் வரைந்து விளக்கித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அந்தப் பாய்ச்சலைத் தடுக்கும் மருந்துகள் எவை என்பதும் பாடத்தில் படித்ததே. ஆயினும் அந்த அறிவு என் பெரியம்மாவின் கட்டில்வரை வந்து சேரவில்லை. மார்பக அறுவைக்கு முன்பே நரம்பை மரக்கச் செய்யும் ஊசி ஒன்று உண்டு என்பதும், அதனை முன்கூட்டியே கேட்கலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தன. பிறர்க்கேனும் காலத்தில் பயன்படட்டும் என்று கருதி இதனை எழுதுகிறேன். நான் மருத்துவ மாணவி அல்லள். ஆகவே இது மருத்துவ அறிவுரை அன்று. மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதற்கான பாடம்.

நோவு செல்லும் வழி

நாகர்கோயிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வருவோர் குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நிலையங்களைக் கடந்து வருகின்றனர். நெய்யாற்றின்கரையில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நாகர்கோயிலில் வண்டி புறப்பட்டது மெய். ஆனால் திருவனந்தபுரத்தார்க்கு வண்டி வரவில்லை. நரம்புத் தடையின் தத்துவமும் இவ்வளவே.

தோலையும் தசையையும் கத்தி அறுக்கும்போது, சிதைந்த உயிரணுக்களிலிருந்து சில வேதிப்பொருள்கள் கசிகின்றன. அவை நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன. அத்தூண்டல் மின்துடிப்பாக மாறி, நரம்பு இழை வழியே முதுகுத் தண்டை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. மூளையை எட்டிய பிறகே அது நோவு என்று பெயர் பெறுகிறது.

இத்துடிப்பு எப்படி ஓடுகிறது? நரம்பு இழையின் உறையில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. வாயில் திறந்ததும் வெளியே காத்திருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அப்பாய்ச்சல் அடுத்த வாயிலைத் திறக்கிறது. அது அதற்கடுத்ததைத் திறக்கிறது. மரப்பு மருந்துகள் இவ்வாயில்களையே அடைக்கின்றன. அவை அடைக்கும் விதம் வியப்புக்குரியது. மின்னூட்டம் அற்ற நிலையில் மருந்து கொழுப்பாலான உறையை ஊடுருவி உள்ளே செல்கிறது. உள்ளே சென்றதும் மின்னூட்டம் பெற்று வாயிலை உட்புறத்திலிருந்து அடைக்கிறது. சுவரேறிக் குதித்து, வீட்டுக்குள்ளிருந்து கதவைத் தாழிடும் காவலனைப் போல என்று சொல்லலாம். சில மணி நேரத்தில் இரத்த ஓட்டம் மருந்தை அகற்றிவிடும். கதவு திறக்கும், உணர்ச்சி திரும்பும்.

முழு மயக்கம் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். முழு மயக்கத்தில் மூளை உறங்குகிறது, நரம்புகள் உறங்குவதில்லை. அரசன் துயின்றாலும் தூதர்கள் ஓடிவந்து வாயிலில் கூடிக்கொண்டே இருக்கின்றனர். அறுவை நடக்கும் நேரமெல்லாம் முதுகுத் தண்டில் இத்துடிப்புகள் வந்து மோதுகின்றன. அதனால் முதுகுத் தண்டின் உணர்திறன் மிகுந்துவிடுகிறது. நோயாளி கண் விழிக்கும்போது அத்தனை தூதர்களும் ஒருசேர உள்ளே நுழைகின்றனர். மார்ஃபின் போன்ற மருந்துகள் முதுகுத் தண்டிலும் மூளையிலும் வேலை செய்து அக்கூக்குரலைத் தணிக்கின்றன. அவை அருமருந்துகளே. ஆனால் குமட்டல், வாந்தி, அரைமயக்கம், மலச்சிக்கல் ஆகியவற்றையும் கூட்டி வருகின்றன. நரம்புத் தடையோ தூதனை வழியிலேயே நிறுத்துகிறது.

கத்தியும் மருந்தும்

மார்பகப் புற்றின் வரலாறும் நோவு நீக்கும் கலையின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. 1804ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் ஹனஓகா செய்ஷூ என்ற மருத்துவர், பச்சிலைகளால் ஆக்கிய மயக்க மருந்தைப் பருகச் செய்து, அறுபது வயது மூதாட்டி ஒருவரின் மார்பகக் கட்டியை அகற்றினார். முழு மயக்கத்தில் நடந்த அறுவைகளுள் ஐயமின்றிப் பதிவானவற்றில் இதுவே மிகப் பழையது என்பர். அம்மருந்தைச் சோதிக்க அவருடைய தாயும் மனைவியும் தம் உடலையே தந்தனர் என்றும், மனைவி அதனால் பார்வை இழந்தார் என்றும் வழிவழிச் செய்தி உண்டு.

அச்செய்தி அன்று ஜப்பானுக்கு வெளியே பரவவில்லை. 1811ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு, மயக்க மருந்து ஏதும் இன்றி மார்பு அகற்றப்பட்டது. தாம் பட்ட பாட்டை அவர் தம் தமக்கைக்கு எழுதிய நீண்ட மடல் இன்றும் உள்ளது. அவர் பின்னும் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பலர் அறியச் செய்துகாட்டப்பட்ட பிறகே உலகெங்கும் அறுவையறையின் ஓலம் அடங்கியது.

1884இல் வியன்னா நகரத்து இளைஞர் கார்ல் கொல்லர், கோக்கேன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போவதைக் காட்டினார். அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரின் வில்லியம் ஹால்ஸ்டெட் அக்கரைசலை நரம்பின் அருகிலேயே ஊசியால் செலுத்தி, அந்நரம்பு ஆளும் பகுதி முழுவதையும் மரக்கச் செய்தார். நரம்புத் தடை பிறந்தது இவ்வாறே. அவரும் அவருடைய தோழர்களும் மருந்தைத் தங்கள் மேலேயே செலுத்திச் சோதித்தனர். கோக்கேனின் கொடுமையை அன்று எவரும் அறியார். ஹால்ஸ்டெட் அதற்கு அடிமையாகிப் பல்லாண்டு அல்லற்பட்டார்.

இதே ஹால்ஸ்டெட்தான் மார்பகப் புற்றுக்கு மார்பையும், அதன் அடியிலுள்ள தசைகளையும், அக்குள் கணுக்களையும் ஒருசேர எடுக்கும் பேரறுவையை வகுத்தவர். அம்முறையில் மருத்துவம் பெற்ற 50 பேரின் விவரத்தை 1894இல் வெளியிட்டார். அதனால் பலர் பிழைத்தனர் என்றாலும், பிழைத்தவர் பலர்க்குக் கை வீங்கியது, தோள் இறுகியது. ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலம் அதுவே பெருவழக்காய் இருந்தது. 1980களில் இத்தாலி நாட்டு வெரொனேசியும் அமெரிக்க நாட்டு ஃபிஷரும் நடத்திய ஆய்வுகளுக்குப் பின்னரே, தொடக்க நிலைக் கட்டிக்குச் சிறிய அறுவையும் கதிர் மருத்துவமும் போதும் என்பது உறுதியாயிற்று. ஒரே மனிதரின் கையில் பிறந்த கத்தி முறையும் ஊசி முறையும் இன்று எத்தனையோ மருத்துவமனைகளில் ஒரே மேசையில் கூடுகின்றன. கத்தி சிறுத்தது, ஊசி கூர்ந்தது.

மார்பை ஆளும் நரம்புகள்

எந்த வழியை அடைப்பது என்று அறிய, எத்தனை வழிகள் உண்டு என்று அறிய வேண்டும். முதுகெலும்பின் நெஞ்சுப் பகுதியிலிருந்து இரு பக்கமும் பன்னிரண்டு இணை நரம்புகள் புறப்பட்டு, விலா எலும்புகளை ஒட்டி முன்புறம் வருகின்றன. அவற்றுள் ஏறக்குறைய இரண்டாவது முதல் ஆறாவது வரையுள்ளவை மார்புக்கு உணர்ச்சி தருகின்றன. மார்பின் மேற்பகுதித் தோலுக்குக் கழுத்திலிருந்து வரும் நரம்புகளும் பங்கு தருகின்றன. அடியில் கிடக்கும் மார்புத் தசைகளுக்கோ கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலிலிருந்து கிளைகள் வருகின்றன. ஆக, மூன்று திசைகளிலிருந்து வழிகள் வந்து கூடும் சந்தி இது. ஓர் ஊசியால் முழுப் பகுதியையும் மரக்கச் செய்வது அரிதாக இருப்பது இதனாலேயே.

இன்னொரு நரம்பைத் தனியே சொல்ல வேண்டும். இரண்டாவது விலா நரம்பின் கிளை ஒன்று அக்குளைக் கடந்து மேற்கையின் உட்புறத் தோலுக்குச் செல்கிறது. அக்குள் கணுக்களை எடுக்கும்போது இது நசுங்கலாம். சில வேளை அறுபடவும் நேரும். அறுவை முடிந்து பல மாதம் சென்ற பின்னும், "கையின் உள்பக்கம் மரத்த மாதிரியும் இருக்கு, எரியிற மாதிரியும் இருக்கு" என்று பெண்கள் சொல்வது இதனால்தான். என் பெரியம்மா அதனை மிளகாய் அரைத்த கையின் எரிச்சல் என்றார். அது கற்பனை நோவு அன்று; பெயரும் முகவரியும் உள்ள நோவு.

ஊசியின் வகைகள்

மிக எளியது, தைக்கும் முன் காயத்தின் ஓரங்களிலேயே மரப்பு மருந்தைச் செலுத்துவது. இதனை அறுவை மருத்துவரே செய்வார். பயன் சில மணி நேரமே.

அடுத்தது, நரம்புகள் முதுகெலும்பிலிருந்து வெளிப்படும் வாயிலுக்கு அருகே மருந்தை நிறைப்பது. ஜெர்மனியின் ஹூகோ செல்ஹைம் இதனை 1905 அளவிலேயே கையாண்டார். பின்பு நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இம்முறைக்கு 1979இல் ஈசன், வயட் என்ற இருவர் மறுவாழ்வு தந்தனர். பல விலா நரம்புகளை மூலத்திலேயே நிறுத்துவதால் இதன் வலிமை பெரிது. ஆனால் அவ்விடத்துக்குச் சற்று முன்னால் நுரையீரலின் உறை உள்ளது. ஊசி தவறினால் அது துளைபடக்கூடும். தேர்ந்த கை வேண்டும்.

மூன்றாவது வகை நம் தலைமுறையில் தோன்றியது. ஸ்பெயின் நாட்டு ரஃபேல் பிளாங்கோ 2011இல் ஒரு வழி சொன்னார். பெரிய மார்புத் தசைக்கும் சிறிய மார்புத் தசைக்கும் இடையே ஒரு மெல்லிய தளம் உண்டு. அங்கே மருந்தைப் பரப்பினால் தசை நரம்புகள் மரக்கும் என்றார். 2012இல் அதனோடு இன்னோர் அடுக்கையும் சேர்த்தார். சிறிய மார்புத் தசைக்குக் கீழே, விலாவைத் தழுவிக் கிடக்கும் ரம்பப் பல் போன்ற தசையின் மேல் மருந்தைப் பரப்பினால் விலா நரம்புகளின் பக்கக் கிளைகளும் அக்குளும் மரக்கும். 2013இல் அந்த ரம்பத் தசைத் தளத்தை மட்டுமே குறிவைக்கும் முறையையும் வெளியிட்டார். 2016இல் ஃபொரேரோ என்பவரும் அவர் குழுவினரும், முதுகை நிமிர்த்தும் தசைக்கு அடியில் மருந்தைச் செலுத்தும் முறையை அறிவித்தனர். இவற்றில் ஊசி முதுகெலும்பின் வாயிலுக்குள் நுழைய வேண்டியதில்லை. தசைகளுக்கு இடையே பாய் விரித்தாற்போல் மருந்து படர்ந்தால் போதும்.

இவையெல்லாம் கைகூடியது அல்ட்ராசவுண்ட் கருவியால். முன்னாளில் மருத்துவர் எலும்பை விரலால் தடவி, ஊசி செல்லும் ஆழத்தைக் கணித்துப் போட்டார். இன்று கருவியின் திரையில் தசைகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. ஊசி நுனி ஒளிக்கீற்றாய் நகர்வது தெரிகிறது. மருந்து பாயும்போது இரு தசைகளும் விலகி நடுவே கருநிறக் குளம் ஒன்று விரிவது தெரிகிறது. பெரும்பாலும் புபிவக்கேன், ரோபிவக்கேன் என்ற மருந்துகளையே பயன்படுத்துகின்றனர். ஒரு முறை போட்டால் பல மணி நேரம் நிற்கும். சிலருக்கு ஒரு நாள் அளவும் நீளும். மெல்லிய குழாயை அங்கேயே வைத்து மேலும் நாட்களுக்கு மருந்து செலுத்துவதும் உண்டு. முழு மயக்கத்துக்கு இது பெரும்பாலும் துணையே, மாற்று அன்று.

பயனும் எல்லையும்

அறுவைக்குப் பிந்திய நோவை ஆராயும் பிராஸ்பெக்ட் என்ற பன்னாட்டு வல்லுநர் குழு, மார்பகப் புற்று அறுவைக்கான தன் பரிந்துரையை 2020இல் வெளியிட்டது. பாரசிட்டமாலும் வீக்கம் தணிக்கும் மாத்திரையும் அடிப்படையாகட்டும். அவற்றோடு முதுகெலும்பருகே போடும் நரம்புத் தடை முதல் தேர்வாகட்டும். அது இயலாவிடில் மார்புத் தசைத் தளத்தடையைப் போடலாம் என்பது அதன் சாரம். முதல் நாளின் நோவு குறைவதும், மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறைவதும், அதனால் குமட்டல் குறைவதும் பல ஆய்வுகளில் தெளிவாகியுள்ளன.

ஆனால் நீண்ட கால நோவைப் பற்றி அவ்வளவு துணிந்து பேச இயலாது. டென்மார்க்கில் மார்பக அறுவை செய்துகொண்ட 3,253 பெண்களை, இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் வினவிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவர்களுள் 47 விழுக்காட்டினர் இன்னும் நோவு இருப்பதாகக் கூறினர். இளவயதினர்க்கும், அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டோர்க்கும் அது மிகுதியாக இருந்தது. முதல் நாளே நரம்பைத் தடுத்தால் இந்நீள்நோவும் வராது அல்லவா என்ற நம்பிக்கை பிறந்தது. சிறு ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு, 2018இல் அதற்கு ஆதரவாகவே பேசியது. அடுத்த ஆண்டே லான்செட் இதழில் ஒரு பேராய்வு வந்தது. 13 மருத்துவமனைகளில் 2,108 பெண்களிடம் நடந்தது அது. நரம்புத் தடை பெற்றோரிலும் பெறாதோரிலும் ஆறு மாதம் கழித்துக் காயத்தில் நோவு சொன்னவர்கள் சரிசமமாக 52 விழுக்காடு. ஓராண்டு கழித்து 28, 27 விழுக்காடு. புற்று மீண்டும் வருவதிலும் வேறுபாடு காணவில்லை. இரு பக்கமும் 10 விழுக்காடே.

இதனால் ஊசி பயனற்றது என்று ஆகாது. அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது தெளிவாகிறது. முதல் இரவின் துன்பத்தைக் குறைக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். நெடுநாளைய நோவை நீக்கும் என்று வாக்களித்தல் ஆகாது. அறிவியல் மாணவர் நாம். நமக்குப் பிடித்த மருந்தையும் அளந்தே புகழ வேண்டும்.

மரப்பு மருந்து பற்றி நம் நாட்டிலிருந்தும் ஒரு செய்தி வந்துள்ளது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் தலைமையில், 1,583 பெண்களிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. அறுவைக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றிலும் லிடோக்கேன் செலுத்தினர். ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர், ஊசி பெற்றவர்களுள் 90.1 விழுக்காடு, பெறாதவர்களுள் 86.4 விழுக்காடு. இது நரம்புத் தடை அன்று. நோவுக்காகச் செய்ததும் அன்று. பிற ஆய்வுகளும் இதனை உறுதி செய்ய வேண்டும். ஆயினும் மலிவான ஒரு பழைய மருந்தைக் கொண்டு இத்தகைய பெருங்கேள்வியை நம்மவர் கேட்டது பெருமைக்குரியது.

அறிந்திருக்க வேண்டிய ஆபத்துகள்

எந்த ஊசியும் முற்றிலும் தீங்கற்றதன்று. மருந்து அளவு மீறினாலோ, தவறி இரத்தக் குழாயில் புகுந்தாலோ, அது மூளையின் வாயில்களையும் இதயத்தின் வாயில்களையும் அடைக்கத் தொடங்கும். உதடு மரத்தல், காதில் இரைச்சல், நாவில் உலோகச் சுவை ஆகியவை முதல் அறிகுறிகள். முற்றினால் வலிப்பும் இதயத் தடுமாற்றமும் நேரும். இதற்கு மாற்று மருந்து எது தெரியுமா? கொழுப்பு! கொழுப்புப் பால்மத்தை நரம்பூசியாகச் செலுத்தினால், கொழுப்பில் கரையும் இயல்புடைய அம்மருந்தை அது தன்னகத்தே இழுத்துக்கொண்டு இதயத்தை விடுவிக்கிறது. வைன்பெர்க் என்பவர் எலிகளில் இதனைக் கண்டு 1998இல் வெளியிட்டார். உறையை ஊடுருவ மருந்துக்கு உதவிய அதே பண்பே அதனைப் பிடிக்கும் வலையும் ஆயிற்று.

நுரையீரல் உறை துளைபடுதல், இரத்தக் கட்டு, இரத்த அழுத்தம் தாழ்தல் ஆகியவையும் அரிதாக நேரலாம். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவரும், மரப்பு மருந்து ஒவ்வாதவரும் அதனை முன்பே சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஊசியின் வேகம் தணியும்போது நோவு திடீரெனத் திரும்பும். நோவு இல்லையே என்று மாத்திரையைத் தள்ளிவைத்தவர்கள் அப்போது திண்டாடுவர். ஊசி வேலை செய்யும்போதே, குறித்த வேளையில் மாத்திரையை உட்கொள்ள வேண்டும்.

நம் நகரமும் நம் கடமையும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் மண்டலப் புற்றுநோய் மையம் தோன்றியது. டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநர். 2006இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 69 வயது வரையுள்ள ஒரு லட்சத்துப் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையால் மார்பைப் பரிசோதித்தால் கட்டியைத் தொடக்கத்திலேயே காணலாம் என்பதை அது காட்டியது. தொடக்கத்தில் கண்டால் அறுவை சிறிது. அறுவை சிறிதானால் நோவும் சிறிது. குமரி மாவட்டத்திலிருந்தும் தென்காசிப் பக்கத்திலிருந்தும் நம் மக்கள் மருத்துவம் நாடி இந்நகருக்கு வந்தவண்ணம் உள்ளனர்.

நோவு நீக்கும் இயக்கத்திலும் இந்நகருக்குத் தனி இடம் உண்டு. மயக்க மருத்துவராகிய டாக்டர் எம். ஆர். ராஜகோபால், 1993இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு நோவு தணிப்பு இயக்கத்தைத் தொடங்கினார். 2003இல் பாலியம் இந்தியா என்ற அமைப்பை நிறுவினார். அதன் தலைமையகம் திருவனந்தபுரத்தில் உள்ளது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், நோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிற்று. அதனை மாற்றப் போராடியவர்களுள் அவர் முதன்மையானவர். 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது.

அவர் தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைப் பலமுறை சொல்லியிருக்கிறார். புற்று நோவால் துடித்த ஒருவருக்கு நரம்புத் தடை ஊசி போட்டார். நோவு முற்றும் நீங்கியது. அடுத்து எப்போது வர வேண்டும் என்று நோயாளி கேட்டார். இனி வர வேண்டியதில்லை, நோயைக் குணப்படுத்த வழியில்லை என்று விடை வந்தது. அன்றிரவே அம்மனிதர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊசி தவறவில்லை. ஊசிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பதைப் பார்க்கத் தவறியதே பிழை என்று உணர்ந்த அம்மருத்துவர், தம் வாழ்வின் போக்கையே மாற்றிக்கொண்டார்.

என் பெரியம்மாவுக்கு இன்று புற்று இல்லை. ஆனால் நோவுக்கு அஞ்சி முதல் வாரங்களில் கையைத் தூக்காமல் இருந்ததில் தோள் இறுகிவிட்டது. கூந்தலை முடிய இன்னும் பிறர் கை வேண்டும். இவ்வாண்டு பங்குனியில் எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருவர் இதே அறுவைக்கு வேறொரு மருத்துவமனைக்கு வந்தார். முதல் நாள் மாலை மயக்க மருத்துவர் பார்க்க வந்தபோது நான் உடனிருந்து, நரம்புத் தடை ஊசி போட இயலுமா என்று மலையாளத்தில் கேட்டேன். "கேட்டது நன்று, போடலாம்" என்றார். அறுவை நடந்த இரவு அந்த அக்கா கஞ்சி குடித்தார், பக்கத்துக் கட்டில்காரரோடு பேசினார், தூங்கினார். மறுநாள் நண்பகலில் நோவு திரும்பியதுதான். ஆனால் மாத்திரை உள்ளே இருந்தது. எண்ணைச் சொல்லக் கற்றிருந்தார். நோவே இல்லை என்றால் சுழி, தாங்கவே இயலாது என்றால் பத்து. "நாலு" என்று நான்கு விரலை நீட்டினார். மொழி குறுக்கே நிற்கவில்லை.

தோழர்களே! நம் வீட்டுப் பெண்கள் வாய் திறவாது நோவு பொறுப்பதை நாம் பெருமை என்று போற்றி வந்திருக்கிறோம். "சத்தமே காட்டலியே, எவ்வளவு பொறுமை!" என்று பெரியம்மாவையும் பலர் பாராட்டினர். அப்பாராட்டின் விலையை அவருடைய தோள் இன்றும் கொடுக்கிறது. தடுக்கக்கூடிய நோவைப் பொறுப்பதில் புண்ணியம் ஏதும் இல்லை. நோவு தணிந்தால் நோயாளி ஆழ்ந்து மூச்சு விடுவார், எழுந்து நடப்பார், கையை அசைப்பார். நலம் பெறுவதற்கே அது ஒரு படி.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியின் அருகிருந்து உதவுபவரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இரு மொழி அறிந்த நம்மைப் போன்றோர்க்கு அந்த இடம் காத்திருக்கிறது. நம் மன்றத்தார் முறை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு மாலை, தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிகளுக்கு மொழித்துணையாகச் செல்லலாகாதா? கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. நரம்புத் தடை ஊசி இவருக்குப் பொருந்துமா? போட்டால் எத்தனை மணி நேரம் நிற்கும்? அது தணியும் முன் எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது? இரவில் நோவு மிகுந்தால் யாரிடம் சொல்வது? கையை எந்த நாள் முதல் அசைக்கலாம்?

ஒரு சிறு செய்தியோடு முடிக்கிறேன். வலி என்பது மலையாளத்தில் வேறு. வேதனை என்பது தமிழில் வேறு. ஆனால் நோவு என்ற சொல் இரு மொழிக்கும் பொது. மலை பிரிக்குமுன் ஒன்றாயிருந்த காலத்துச் சொல் அது. அடுத்த முறை யாரேனும் நம் பாட்டியரிடம் "வேதன உண்டோ?" என்று கேட்டால், அருகில் நிற்கும் நாம் அதனை "நோவு இருக்கா?" என்று மாற்றிச் சொல்வோம். அவர்கள் சொல்லும் விடையைக் குறையாமல் திருப்பிச் சொல்வோம். அதன் பிறகு ஊசி தன் வேலையைச் செய்யும்.